ஓசியில் பொருத்தம் பார்த்த கதை

என் மகள் பிறந்தது அதிகாலை 4.47 மணிக்கு. ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்ன நேரத்தை என் ஆத்தா காப்பித்தூள் பொட்டலக் காகிதத்தின் பின்பக்கம் பென்சிலால் குறித்து வைத்தது. அந்தக் காகிதம் இன்றைக்கும் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. இந்த நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை ஒரே ஒரு இடத்தில் நான் தப்பாகத் தட்டினேன், என் 1,35,000 ரூபாய் எந்த வாசல் வழியாக வெளியே போனது என்று கண்டுபிடிக்கக் கடைசியில் அந்தத் தப்புதான் உதவியது.

நான் பள்ளத்தூர்க்காரி. வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆகிறது. பெரிய வளவு வீட்டில் எங்கள் பங்குக்கு வந்த இரண்டு அறையையும் இரண்டாம் கட்டில் ஒரு பக்கத்தையும் வைத்துக்கொண்டு பலகாரம் செய்து விற்கிறேன். சீப்பு சீடை, தேன்குழல், மனகோலம், மாவுருண்டை, கல்யாண சீசனில் சீர்ப் பலகாரம். உதவிக்கு இரண்டு பெண்கள். ஆர்டர் எல்லாம் வாட்ஸாப்பில்தான் வரும், காசு ஜிபே. ஆக, போன் தெரியாத ஆள் இல்லை நான். மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள், 27 வயது. போன தை பிறந்ததும் பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்பக் கல்யாணம், ஆச்சி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

நாங்கள் நகரத்தார். எங்கள் ஆட்களில் வரன் என்று பேச்சு எடுத்தால் முதல் கேள்வி "எந்தக் கோவில்?" என்பதுதான். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது கோவில். இன்ன கோவில் என்றால் பங்காளி, இன்னதில் கொடுக்கலாம் எடுக்கலாம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்து விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் நிற்கிற பாட்டன் முப்பாட்டன் எழுத்துகள். அப்புறம் பிறந்த வீடு எது, தாயபிள்ளைகள் யார் யார். இவ்வளவும் தடுமாறாமல் சொன்னால் அவர் நம்ம ஆள், திண்ணையில் இருந்து உள்ளே வரலாம். ஆதார் கார்டு வருவதற்கு ரொம்பக் காலம் முன்னாலேயே எங்களுக்கு இதுதான் ஆதார்.

காரைக்குடியில் நாங்கள் பார்க்கிற ஜோசியர் ஒரு பொருத்தத்துக்கு 300 ரூபாய் வாங்குவார். வரன் பார்க்க ஆரம்பித்தால் ஜாதகம் கத்தையாக வரும். பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒன்பது பொருந்தாது, 3,000 ரூபாய் போயிருக்கும். அந்த நேரத்தில்தான் சொந்தத்தில் ஒருத்தர் ஒரு லிங்க் அனுப்பினார். இலவசமாகப் பொருத்தம் பார்க்கலாம், வரன் பதிவும் இலவசம், அதிலும் கோவில், விலாசம் எல்லாம் கேட்கிறது, நமக்கென்றே செய்த ஆப் என்று. எனக்கு வாயெல்லாம் பல்.

அன்றைக்கு ராத்திரி அடுப்பை அணைத்துவிட்டு, கையில் எண்ணெய் வாடை போகாமலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பினேன். மகள் பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர், கோவில், விலாசம், என் பிறந்த வீடு, அவள் கம்பெனி, சம்பளம். அவளுடைய மூன்று போட்டோ. அதில் ஒன்று பொங்கலுக்கு முகப்பில் நின்று எடுத்தது, பின்னால் இரும்புக் கிராதியில் எங்கள் விலாச எழுத்துகள் பளிச்சென்று தெரியும். "சரிபார்க்கப்பட்டவர்" என்று பச்சை டிக் வேண்டுமானால் ஆதார் படம் போடச் சொன்னது, போட்டேன். "உங்கள் சொந்தக்காரர்கள் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று பார்க்க, தொடர்பு எண்களை அனுமதிக்கவும்" என்றது. நல்லதுதானே என்று அனுமதித்தேன். பிறந்த நேரம் தட்டும்போது 4.47-க்குப் பதிலாக 4.17 விழுந்துவிட்டது. அதைக் கவனிக்கவே இல்லை. ஜோசியம் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள்: நவாம்ச லக்னம் ஏறக்குறைய 13 நிமிஷத்துக்கு ஒருமுறை மாறிவிடும், நான் அந்த ஆப்பில் ஆசை ஆசையாகப் பார்த்த 38 பொருத்தமும் வேறு யாரோ ஒரு பெண்ணுக்குப் பார்த்த மாதிரிதான்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி அந்தத் தொடர்பு எண் விஷயத்தைச் சொல்ல வேண்டும், இதன் வீரியம் எனக்கு அப்போது தெரியவில்லை. என் போனில் 612 எண்கள் இருந்தன. நம்மைப் போன்றவர்கள் எண்ணை எப்படிப் பதிந்து வைப்போம்? "கண்டனூர் அண்ணமிண்டி", "சிங்கப்பூர் தம்பி", "தட்டார்", "நகைக் கடன் மேனேஜர்", "மகள் ஹாஸ்டல் தோழி", "முழங்கால் டாக்டர் மதுரை". அந்த வரிசையை மேலிருந்து கீழே ஒருதரம் படித்தால் போதும், எனக்கு யார் எந்த முறை, யார் எந்த ஊரில், எனக்கு எங்கே வலி, நகை எங்கே அடகில் இருக்கிறது என்பது வரைக்கும் தெரிந்துவிடும். அந்த 612 பேரில் ஒருத்தரைக்கூட நான் கேட்கவில்லை. கொடுத்தது என் விரல், போனது அவர்கள் விவரம். எந்த ஆப் கேட்டாலும் சரி, அது வேலை செய்வதற்குத் தொடர்பு எண்கள் உண்மையிலேயே வேண்டுமா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். ஜாதகம் கணிக்க உங்கள் பால்காரர் நம்பர் எதற்கு?

பதிந்த மறுநாளே போன் வர ஆரம்பித்தது. மண்டபம் வேண்டுமா, சமையல் ஆள் வேண்டுமா, நகைச் சீட்டு சேர்கிறீர்களா, கல்யாணக் கடன் வட்டி கம்மி, போட்டோ வீடியோ பேக்கேஜ். சிட்டை எழுதுகிற பழக்கத்தில் ஆர்டர் நோட்டின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன், பத்து நாளில் 47 கோடு. பாகு பதம் பார்க்கிற நேரத்தில் போன் அடித்து, எடுத்துப் பேசி, ஒரு படி மாவுருண்டைப் பாகு முறுகிப்போனது தனி. ஒரு கடன்காரப் பெண், "பொண்ணு சம்பளம் இவ்வளவுதானே மேடம், தாராளமா லோன் கிடைக்கும்" என்று தொகையைச் சரியாகச் சொன்னாள். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தொல்லை என்றுதான் நினைத்தேன், ஆபத்து என்று நினைக்கவில்லை. இப்போது நான் சொல்வது, அந்த சுருக்கென்ற நேரத்தில் ஆப்பைத் திறந்து கணக்கையே அழித்துவிடுங்கள். 1909-க்கு மெசேஜ் அனுப்பி விளம்பர அழைப்புகளை நிறுத்தச் சொல்வது நல்லதுதான், நானும் செய்தேன், பாதி குறைந்தது. ஆனால் அது முறையாகப் பதிவு செய்து வியாபாரம் பண்ணுகிறவர்களைத்தான் கட்டுப்படுத்தும். திருட்டுப் பயல் 1909-க்குப் பயப்படுவானா?

சித்திரையில் அந்தத் தம்பி கூப்பிட்டார். தம்பி என்றுதான் இப்போதும் வாயில் வருகிறது, பழக்கம். குரலில் அவ்வளவு பணிவு. "ஆச்சி, நல்லா இருக்கீகளா" என்று ஆரம்பித்து, எங்கள் விலாசத்தைச் சொல்லி, வேலங்குடிக் கோவில்தானே என்று கேட்டு, என் பிறந்த வீட்டு ஊரையும் சொல்லி, "உங்க சிங்கப்பூர்த் தம்பிகூட ஒரே ஏரியாவில்தான் ஆச்சி இருக்கோம்" என்றார். அவருடைய அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கிறார்களாம், பிள்ளையார்பட்டிக் கோவில், பொன்னமராவதிப் பக்கம் ஒரு ஊர், பையன் சிங்கப்பூரில் இன்ஜினியர். ஜாதகம் அனுப்பினார். எங்கள் பெண் ஜாதகத்தையும் அவர்களே கணித்துப் பார்த்துவிட்டதாகவும் பொருத்தம் அருமை என்றும் சொன்னார். "முகப்பில் நிற்கிற அந்தப் போட்டோ மகாலட்சுமி மாதிரி இருக்கு ஆச்சி" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரர் இல்லாமல் ஒற்றைப் பொம்பளையாக நின்று வரன் பார்ப்பது என்ன என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்று வாரம் பேசினார். இரண்டு நாளைக்கு ஒருதரம். காசைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. என் முழங்காலுக்கு வைத்தியம் சொன்னார், நான்கூட எனக்கு முழங்கால் வலி என்று எப்போது சொன்னோம் என்று யோசிக்கவில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில், "எங்க அண்ணிக்குப் பிறந்த வீடு இரணியூர்க் கோவில் ஆச்சி, அவங்க கை வெள்ளைப் பணியாரம் மாதிரி வராது" என்றார். அண்ணி என்றது காதில் நெருடியது. நம்ம பிள்ளைகள் அண்ணமிண்டி என்று அல்லவா சொல்லும். சிங்கப்பூரில் வளர்ந்தது அப்படித்தான் பேசும் என்று நானே அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதே வாக்கியத்தில் அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது, அது என் காதிலேயே ஏறவில்லை. கடைசியில் சொல்கிறேன்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. பையன் திருச்சி வழியாக வருகிறான், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பார்க்கிறோம் என்று ஏற்பாடு. நான் மூன்று நாளாக வீட்டைக் கழுவி, முட்டை வெள்ளை பூசின தூணைத் துடைத்து, கந்தரப்பத்துக்கு அரிசி எடுத்து வைத்திருந்தேன். சாயங்காலம் 6.20-க்குப் போன். ஏர்போர்ட்டில் பிடித்து வைத்துவிட்டார்களாம். பெண்ணுக்கென்று நகை கொண்டுவந்திருக்கிறான், கஸ்டம்ஸ் வரி கட்டச் சொல்கிறார்கள், அவன் சிங்கப்பூர் கார்டு இங்கே வேலை செய்யவில்லை, ராத்திரிக்குள் கட்டாவிட்டால் பறிமுதல், கேஸ். "வெளியில் கேட்டால் அசிங்கம் ஆச்சி, நாளைக்குச் சம்பந்தம் ஆகப் போறோம், அதான் உங்களைக் கேட்கிறேன்." பின்னால் ஒருத்தர் இந்தியில் அதட்டுகிற சத்தம். 38,500 அனுப்பினேன். அரை மணி கழித்து அபராதம் என்று 61,500. அதோடு யுபிஐயில் ஒரு நாளைக்கு உள்ள ஒரு லட்சம் வரம்பு முடிந்து, மூன்றாவது முறை போகவில்லை. போன் எனக்காகத் தடுத்தது, பாருங்கள். நான் விடவில்லை. பேங்க் ஆப்பைத் திறந்து, புதிதாக அந்தக் கணக்கைச் சேர்த்து, 35,000 அனுப்பினேன். 8.10-க்கு அவர் போன் ஆஃப்.

கஸ்டம்ஸ் மோசடி என்று பேப்பரில் நானும் படித்திருக்கிறேன். முன்பின் தெரியாதவன் கூப்பிட்டிருந்தால் அப்போதே வைத்திருப்பேன். கூப்பிட்டவர் முன்பின் தெரியாதவர் இல்லையே, அதுதான் இதில் உள்ள விஷயம். எந்தக் கேள்வியைக் கேட்டு ஆளைச் சோதிப்போமோ அந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடையை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும், சுங்க வரி என்பது விமான நிலையத்திலேயே ரசீதோடு கட்டுவது, எந்த அதிகாரியும் தனி ஆள் கணக்குக்கோ யுபிஐக்கோ அனுப்பச் சொல்ல மாட்டார். சுங்கத் துறை அனுப்புகிற கடிதம் என்றால் அதில் சரிபார்க்கிற மாதிரி ஒரு அடையாள எண் இருக்கும், அவர்கள் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். நான் இதையெல்லாம் படித்தது அடுத்த வாரம்.

ராத்திரி தூக்கம் இல்லை. பட்டாலையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, வராத போனைப் பார்த்துக்கொண்டே அவர் பேசியதை எல்லாம் மனசுக்குள் ஓட்டினேன். இரண்டு மணி இருக்கும், அந்த வெள்ளைப் பணியாரப் பேச்சு ஞாபகம் வந்தது. அவர்கள் பிள்ளையார்பட்டிக் கோவில். அண்ணிக்குப் பிறந்த வீடு இரணியூர்க் கோவில். பிள்ளையார்பட்டியும் இரணியூரும் பங்காளிகள், அண்ணன் தம்பி வழி, கொடுத்து எடுக்கிற வழக்கமே கிடையாது! எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆப்பில் கட்டம் போட்டுக் கேட்ட அத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தது, கட்டத்தில் இல்லாத ஒன்று தெரியவில்லை. அதைப் பிடிக்கிற காது எனக்கு இருந்தும் மூன்று வாரம் தூங்கிப்போயிருந்தது.

காலையில் பத்து மணி வரை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். இதுதான் நான் செய்த இரண்டாவது பெரிய தப்பு, வெட்கம்தான் காரணம். உதவிக்கு வருகிற பெண்களிடம் தலைவலி என்றேன். அப்புறம்தான் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்தேன். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குப் பணம் போச்சு?" பதினாலு மணி நேரம் ஆகியிருந்தது. பணம் முதல் கணக்கில் இருந்து நாலு கணக்குக்குப் பிரிந்து, பெரும்பாலும் எடுத்தாகிவிட்டது, ஒரு கணக்கில் மட்டும் 21,300 ரூபாயை நிறுத்தி வைக்க முடிந்தது. அன்றைக்கு ராத்திரி 8.15-க்கே கூப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் தேறியிருக்கும் என்று சிவகங்கை சைபர் கிரைமில் சொன்னார்கள். ஏமாந்தது தெரிந்த நிமிஷமே 1930, இல்லாவிட்டால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகார். அழுகிறதை அப்புறம் அழுது கொள்ளலாம். அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் உள்ள யுடிஆர் எண் (அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண்), நேரம், அந்தப் பக்கத்து யுபிஐ பெயர் இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள், அவர்கள் கேட்பது அதைத்தான். நிறுத்தி வைத்த காசு தானாக வீட்டுக்கு வரவில்லை, கோர்ட்டில் மனுப் போட்டு உத்தரவு வாங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு ஐந்து மாதம் ஆனது, சிவகங்கைக்கு ஆறு தடவை பஸ் ஏறினேன். பேங்கில் கேட்டதற்கு, "நீங்களே பாஸ்வேர்டு போட்டு அனுப்பினது மேடம், நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்கள். கோபம் வந்தது, ஆனால் அவர்கள் சொன்னதில் பொய் இல்லை.

மொத்தத்தில் போனது 1,13,700. சீப்பு சீடையில் செலவெல்லாம் போகக் கிலோவுக்கு 80 ரூபாய் எனக்கு நிற்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 1,421 கிலோ. சீடையைச் சீப்பில் அழுத்தி, சுருட்டி, ஓரம் ஒட்டுகிற வேலை செய்தவர்களுக்கு அது எத்தனை நாள் என்று தெரியும்.

மகளிடம் பத்தொன்பது நாள் சொல்லவில்லை. அவளே ஒரு சனிக்கிழமை வந்தபோது என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். பணத்துக்குத் திட்டுவாள் என்று நினைத்தேன். "பணம் போனா சம்பாதிக்கலாம் ஆத்தா. என் சம்பளத்தையும் போட்டோவையும் என்னைக் கேக்காம எப்படிக் குடுத்தீக? அந்த ஆள் போன்ல என் போட்டோ இப்பவும் இருக்கும்ல?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. இன்று வரைக்கும் இல்லை. வரன் பார்க்கிறேன் என்று பெண் போட்டோவைக் குரூப் குரூப்பாக அனுப்புகிற தாய்மார்கள் தயவுசெய்து இதை இரண்டு தடவை படியுங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் பின்னால் வீடு, பெயர், கம்பெனி அடையாள அட்டை எதுவும் தெரியாத படம், ஒரே ஒரு படம், அவளைக் கேட்டுவிட்டு.

சைபர் கிரைமில் ஒரு எஸ்.ஐ. கேட்டார், "விவரம் அந்த ஆப்பில் இருந்துதான் போச்சுன்னு எப்படி அம்மா சொல்றீங்க? வேற எங்கேயும் குடுக்கலையா?" நியாயமான கேள்வி. ஜோசியரிடம் கொடுத்திருக்கிறேன், நாலு சொந்தக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். அந்தத் தம்பி அனுப்பிய ஜாதகக் கணிப்பை மகள் உற்றுப் பார்த்தாள். எங்கள் பெண் பிறந்த நேரம் 4.17 என்று இருந்தது. ஊரில் எல்லோரிடமும் இருப்பது 4.47. அந்த 4.17 உலகத்திலேயே ஒரே இடத்தில்தான் உண்டு, எண்ணெய்க் கையோடு நான் தட்டின இடத்தில். எஸ்.ஐ. அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு நான் கற்ற ஒரு தந்திரம் இது: இப்போது எங்கே விவரம் கொடுத்தாலும் வேண்டுமென்றே சின்ன வித்தியாசம் வைக்கிறேன். ஒரு கடையில் இன்ஷியல் மாற்றி, ஒரு ஆப்பில் தெருப் பெயரில் ஒரு எழுத்துக் கூட்டி. ஜிமெயில் முகவரியில் பெயருக்கும் அட் குறிக்கும் நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டு எந்த வார்த்தை சேர்த்தாலும் அஞ்சல் நமக்கே வரும், மகள் காட்டிக் கொடுத்தாள். வேண்டாத அஞ்சல் வரும்போது எந்த வாசல் திறந்து கிடக்கிறது என்று தெரிந்துவிடும். அரசாங்கத்துக்கும் பேங்குக்கும் கொடுக்கிற விவரத்தில் இந்த விளையாட்டு வேண்டாம்.

அந்த ஆப்காரர்களுக்கு எழுதினோம். விதிமுறையில் எழுதியிருக்கிறது, "எங்கள் கூட்டாளிகளுடன்" பகிர்வோம் என்று, நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தால், ஆமாம், 11 பக்க ஆங்கிலத்தில் எட்டாம் பக்கம் இருக்கிறது. கூட்டாளிகள் யார் யார், அவர்கள் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதற்குப் பதிலே இல்லை. அவர்களேதான் திருடனுக்கு விற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. கை மாறிக் கை மாறிப் போயிருக்கும்.

என் ஐயா பதினாலு வயதில் ரங்கூனுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக் கடையில் எடுபிடியாக, போனவர். கடன் வாங்கினவன் பெயரைப் பக்கத்து வட்டிக் கடைக்காரரிடம்கூட மூச்சு விட மாட்டார்களாம், பேரேட்டை முதலாளி கண்ணில் தவிரக் காட்டக் கூடாதாம். அந்த வீட்டில் பிறந்த எனக்கு, காசு வாங்காமல் ஒருத்தன் கடை நடத்துகிறானே, இவனுக்கு எங்கே இருந்து வரவு என்று ஒருதரமாவது கேட்கத் தோன்றியிருக்க வேண்டாமா? மகள் ஒரு கணக்குச் சொன்னாள். 2014-ல் வாட்ஸாப்பை ஃபேஸ்புக் வாங்கியது, ஏறக்குறைய 1,900 கோடி டாலர் கொடுத்து. நம்மிடம் பைசா வாங்காத ஒரு சாமானுக்கு அவ்வளவு விலை. அப்படியானால் வாங்கினது எதை?

அதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன், எனக்கு வாட்ஸாப் இல்லாமல் ஒரு கிலோ தேன்குழல் விற்காது. மகள் வந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மாளும் மகளும் உட்கார்ந்து போனைச் சுத்தம் செய்தோம், மச்சு சுத்தம் பண்ணுகிற மாதிரி. செட்டிங்ஸில் ப்ரைவசி என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் பெர்மிஷன் மேனேஜர். அதைத் திறந்தால் தொடர்பு எண், இருப்பிடம், மைக், கேமரா ஒவ்வொன்றையும் எந்தெந்த ஆப் பார்க்கிறது என்று வரிசையாகக் காட்டும். டார்ச் லைட் ஆப் ஒன்று என் தொடர்பு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, வெளிச்சம் போட அதற்கு என் அண்ணமிண்டி நம்பர் வேண்டுமாம். இருப்பிடத்தை "பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றினோம். கூகுள் கணக்கில் தேடினது, போன இடம் எல்லாம் மூன்று மாதத்தில் தானாக அழிகிற மாதிரி வைக்க முடியும், வைத்தோம். வேண்டாத ஆப்களை அழித்தோம். அழிப்பதில் ஒன்றைக் கவனியுங்கள், திரையில் இருந்து ஆப்பை எடுத்துவிட்டால் போனில்தான் போகும், அவர்கள் இடத்தில் உங்கள் கணக்கு அப்படியே கிடக்கும். உள்ளே போய்க் கணக்கை அழித்துவிட்டுத்தான் ஆப்பை எடுக்க வேண்டும். எடுக்கிற முன் ஸ்கிரீன் ஷாட்.

ஆதார் விஷயத்துக்குத்தான் எனக்கு அதிகப் பயம். கைரேகையை ஆதார் தளத்தில் பூட்டி வைக்கலாம், பூட்டினேன், வேண்டும்போது திறந்து கொள்ளலாம். இனி யார் கேட்டாலும் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதார்தான், அதையும் அந்தத் தளத்திலேயே எடுக்கலாம். என் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்தேன், நல்லவேளை, இல்லை. வியாபாரத்துக்குத் தனி சிம் வாங்கினேன், மாதம் 200 ரூபாய்க்குள் ஆகிறது. பேங்க் நம்பர் இப்போது நாலைந்து பேருக்குத்தான் தெரியும். ஜோசியருக்கு 300 ரூபாயை மகிழ்ச்சியாகக் கொடுக்கிறேன், அவர் ஜாதகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

சட்டம் என்று ஒன்று இருக்கிறதா என்றால், இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, நம் கோவில் கணக்கில் அங்கேயும் ஒன்பது நீதிபதிகள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும், அறிவிப்பைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம், அழிக்கச் சொல்லலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின, கம்பெனிகளுக்கு இன்னும் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நான் அந்தச் சட்டத்தின் பெயரைப் போட்டு அழிக்கச் சொல்லி எழுதினேன், மூன்றாவது கடிதத்துக்கு "உங்கள் கணக்கு நீக்கப்பட்டது" என்று பதில் வந்தது. சட்டத்துக்குப் பயந்தா, என் தொல்லை தாங்காமலா, தெரியாது.

அந்த 612 பேருக்கும் ஒரு செய்தி அனுப்பினேன். என் பெயரைச் சொல்லி, முறை சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள், எனக்கு நேரில் போன் பண்ணிக் கேளுங்கள் என்று. அனுப்புவதற்குள் கை நடுங்கியது, ஊரே சிரிக்கும் என்று. சிரிக்கவில்லை. பதினோரு பேர் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கும் நடந்திருக்கு ஆச்சி, வெளியே சொல்லலை" என்றார்கள். கண்டனூர் அண்ணமிண்டிக்கு அதே குரலில் ஒரு அழைப்பு வந்து, அவர் "பையனை விட்டுப் பேசச் சொல்றேன்" என்றதும் வைத்துவிட்டானாம். வரன் விசாரிக்க இப்போது பழைய வழிதான். எந்த ஊர் என்று சொல்கிறார்களோ அந்த ஊரில் நமக்குத் தெரிந்த ஒருத்தரைப் பிடித்து, நேரில் போய் அந்த வீட்டு வாசலைப் பார்த்து வரச் சொல்வது. ஒரு வாரம் ஆகும். ஆகட்டும்.

போன மாதம் புது நம்பரில் இருந்து ஒருத்தர் கூப்பிட்டார். பழைய சிம்முக்குத்தான். செவ்வாய் தோஷப் பரிகாரம், ஆன்லைன் பூஜை, முதல் பூஜை இலவசம் என்றார். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். "பொண்ணு அதிகாலை 4.17 பிறப்புதானே அம்மா, சரிதானே?" என்றார். இல்லை, 4.47 என்று நுனி நாக்கு வரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு போனை வைத்தேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.